அம்மன் சன்னதியில் எடுத்த அளவீடுகள்

பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடம், பரீட்சைக்கு முந்திய விடுமுறையில் செஞ்சிக்கு வந்தபோது எனக்கு இரண்டு உதவிகள் தேவைப்பட்டன. வெப்பவியலில் என்ட்ரோபி என்றால் என்ன என்று யாராவது புரியவைக்க வேண்டும். எம்.எஸ்ஸி.க்குச் சென்னையில் சேர்வதா, சிதம்பரத்தில் சேர்வதா என்று யாராவது சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டில் கேட்டுப் பயனில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அதில் கர்வமே உண்டு.

ஊரில் பிசிக்ஸ் தெரிந்தவர் என்று எல்லோரும் கைகாட்டியது மின்சார ஆபீஸ் என்ஜினியரை. போய்க் கேட்டேன்.

"என்ட்ரோபியா? பரீட்ச முடிஞ்சா தானா போயிடும்மா" என்றார்.

சென்னையா சிதம்பரமா என்றதற்கு மட்டும் நெடுநேரம் யோசித்தார். "சென்னையில தண்ணி உப்பு. சிதம்பரத்துல கொசு. நீ எதத் தாங்குவ?"

பிறகு, தன் வீட்டு ரேடியோ கரகரக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். என்ட்ரோபியைக் கடைசியில் நான் மனப்பாடம் செய்துதான் எழுதினேன். அந்தத் தாளில்தான் மதிப்பெண்ணும் அதிகம்.

இரண்டு ஊருக்கும் விண்ணப்பம் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, இரண்டையும் நைனா முன் வைத்தேன். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அவர் கைநாட்டு வைக்க வேண்டும். நைனாவுக்கு மல்லாட்டை மண்டியில் வேலை. வரும் மூட்டைகளில் கையை விட்டு அள்ளி, கடலையை உடைத்துப் பார்த்துத் தரம் சொல்வார்.

"ஒரு சரக்க ரெண்டு வியாபாரிகிட்ட பேசறது நம்ம பழக்கத்துலயே கெடையாது" என்றார். "கைநாட்டு வெச்சா வாக்கு குடுத்த மாதிரி. எதுனா ஒண்ணு சொல்லு."

"இது வெறும் விண்ணப்பம் நைனா. எங்க எடம் கெடைக்கும்னே தெரியாது."

"ரெண்டுத்துலயும் கெடச்சிட்டா? இன்னொருத்தன் மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

சிதம்பரத்தில் யார் முகத்தில் அவர் விழிக்கப்போகிறார் என்று கேட்டேன். அவர் இரண்டு தாள்களையும் என் பக்கமே தள்ளினார். மறுநாள் தபாலில் சேர்க்காவிட்டால் இரண்டுமே போய்விடும்.

அம்மாவின் தம்பி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என் தாய்மாமன். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன்.

"எதுக்கு மச்சான் கொழப்பம்? கோயில்ல பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றார். "ஆனா மூணு பொட்டலமா கட்டணும். கல்யாணத்தையும் சேத்து."

மறுநாள் காலையில் அம்மன் கோயிலில் நின்றோம். பூசாரி பூவரச இலையில் மூன்று பொட்டலங்கள் கட்டினார். வெள்ளை நந்தியாவட்டை சென்னை. சிவப்பு அரளி சிதம்பரம். மஞ்சள் செவ்வந்தி கல்யாணம். அம்மன் காலடியில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

மஞ்சள்.

"அம்மனே சொல்லிட்டா" என்றார் மாமா.

"ஒரு ரீடிங் போதாது" என்றேன்.

"இன்னா போதாது?"

"காலேஜ் லேப்ல ஒரே தடவ அளந்து எழுதினா நோட்டத் தூக்கி எறிவாங்க. திரும்பத் திரும்ப எடுத்துப் பாக்கணும்."

"சாமிகிட்டயே லேப்பா? படிக்க வெச்சது தப்பாப் போச்சு மச்சான்."

நைனா தாடையைச் சொறிந்தார். "இல்லடா, அவ சொல்றது நாயம்தான். ஒரு மூட்டையில ஒரு புடி அள்ளிட்டு வண்டிச் சரக்குக்கே வெல சொல்ல முடியுமா? மேல, நடுவுல, அடியில எடுத்துப் பாக்கணும். எடு பூசாரி."

இரண்டாம் முறை சிவப்பு. அதன் பிறகு வெள்ளை. மறுபடி மஞ்சள். செவ்வந்தியால் மஞ்சள் பொட்டலம் மட்டும் உப்பிக்கொண்டு நிற்கிறது, கை தானாக அங்கேதான் போகும் என்று ஆட்சேபித்தேன். நைனா பொட்டலங்களைக் கையில் தூக்கிப் பார்த்து, செவ்வந்தியில் பாதியைப் பிய்த்துப் போட்டார். சிவப்பு எப்போதும் பூசாரியின் வலக்கைப் பக்கமே கிடக்கிறது என்று மாமா சண்டை பிடித்தார். கும்பிட வந்த பெண்கள் கும்பிடுவதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு நிறத்தின் பக்கம் சேர்ந்து கூச்சல் போட்டார்கள்.

"இத்தினி வாட்டி கேட்டா அம்மா கோச்சிக்குவா" என்றார் பூசாரி.

"நெசத்த சொல்றவ எத்தினி வாட்டி கேட்டாலும் அதையேதான சொல்லணும்?" என்றார் நைனா. "எடு."

இலைகள் கிழிந்து நைந்து, எந்தப் பொட்டலத்தில் எது இருக்கிறது என்று எல்லோருக்கும் வெளியிலிருந்தே தெரியத் தொடங்கிய பிறகுதான் நைனா நிறுத்தச் சொன்னார். எந்த நிறமும் முந்தவில்லை.

"கலப்பு சரக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். "மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு."

"அப்பிடின்னா?" என்றார் மாமா.

"மண்டியில இப்பிடி வந்தா, கொண்டாந்தவனயே கேட்டுடுவோம். இன்னாய்யா சரக்கு இது, நீயே சொல்லுன்னு."

எல்லோரும் அம்மனைப் பார்த்தார்கள். நைனா என்னைப் பார்த்தார்.

"சொல்லு."

அவ்வளவு நேரம் மஞ்சளோடு மல்லுக்கட்டியதில், வெள்ளையா சிவப்பா என்று நான் யோசித்திருக்கவே இல்லை. மாமா தொண்டையைச் செருமினார். இன்னும் ஒரு நொடி விட்டால் பேசிவிடுவார்.

"சிதம்பரம்" என்றேன், பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டவளைப் போல.

சிதம்பரத்து விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். மை இல்லை. நைனா அம்மன் முன்னால் இருந்த குங்குமத்தட்டை இழுத்து, தீர்த்தத்தில் கொஞ்சம் ஊற்றிக் குழைத்து, கட்டைவிரலைத் தோய்த்தார்.

"யோவ், அது அம்மாவுக்கு வெச்சது!" என்று பூசாரி கத்தினார்.

"அப்ப அவளும் சாட்சி போட்டுட்டான்னு வெச்சிக்க" என்று சொல்லி, கையொப்பம் இடும் இடத்தில் அழுத்தினார். ஒவ்வொரு ரேகையும் தெளிவாக விழுந்தது.

"குடு, பஸ் ஸ்டாண்டு பக்கந்தான் போறேன், நானே தபால்ல சேத்துடறேன்" என்று மாமா கையை நீட்டினார்.

ஈரம் காயவில்லை என்றேன். விண்ணப்பத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு முழுக்க எல்லோரும் பார்க்க, தபாலாபீஸ் வரை நானே நடந்தேன்.