சாலையில் காய்ந்த நெல்லும் அண்ணன் ஓட்டிய ரோந்து வண்டியும்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வெயிலையும் பார்க்காமல் வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு காவல் துறையில் வண்டி ஓட்டிய நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். மற்றப் பக்கங்களில் அண்ணனைப் பற்றி நல்லதாக நிறைய எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. நான் எழுதப்போவதும் உண்மைதான். ஆனால் படிக்கும்போது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுத வருகிறது.

அண்ணன் பிறந்தது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையோரம் ஒரு சின்ன ஊரில். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பிற்காலத்தில்தான் கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்தார்கள். நெல் காய வைக்க எங்களுக்கென்று களம் கிடையாது. ஊரில் பாதிப் பேரைப்போல நாங்களும் தார்ச்சாலையில்தான் கொட்டுவோம். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் இறங்கி, காலாலேயே கோடு கோடாகக் கிளறிவிட்டுக்கொண்டு போவார். "நெல்லு காயுதோ இல்லியோ, எம்பாதம் அவிஞ்சு போச்சு" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லுவார். அம்மா, "அவிஞ்சா எறக்கி வையி, சாப்பிடலாம்" என்பார். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

டிராக்டரில் ஓட்டிப் பழகி, லாரியில் கிளீனராக ஏறி, உரிமம் எடுத்து, காவலராகச் சேர்ந்து, கடைசியில் அண்ணன் ஆசைப்பட்டபடி வாகனப் பிரிவுக்கே போய்விட்டார். முதலில் அவர் கைக்கு வந்தது ஒரு பழைய ஜீப். காலையில் அது கிளம்ப வேண்டுமென்றால் காவலர்கள் பின்னால் நின்று தள்ள வேண்டும். "இந்த வண்டியில நாம திருடனைத் துரத்துனா, பாவம் பாத்து அவனே நின்னு நம்மள ஏத்திக்கிட்டுப் போவான்" என்று அவருடைய நண்பர் ஒருவர் சொல்லுவாராம்.

பல வருடம் கழித்து நெடுஞ்சாலை ரோந்துக்குப் புது வண்டி வந்தது. மேலே சிவப்பும் நீலமுமாக விளக்கு, உள்ளே குளிர்சாதனம், நல்ல உயரம், நல்ல இழுவை. அதை ஓட்ட அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள். "மிதிக்கவே வேணாம் பாப்பா, நெனச்சாலே போவுது" என்று என்னிடம் போனில் சொன்னபோது அவர் குரல் கல்யாண மாப்பிள்ளைக் குரலாக இருந்தது. ஆனால் அந்த வண்டியைப் பற்றி ஒரு பயமும் அவருக்கு இருந்தது. "பழைய ஜீப்பு வேகம் ஏறுனா, கதவு கழண்டுரும்டான்னு அதுவே கத்திச் சொல்லிரும். இது சொல்லாது. எவ்வளவு வேகத்துல போறோம்னு ஒடம்புக்கே தெரியாது. வளைவுல திரும்புறப்பதான் ஆளைத் தூக்கி ஒரு பக்கமா வைக்கும், அப்பத்தான் தெரியும்" என்பார்.

அந்த வண்டியில் அவர் செய்த நல்லதை நான் மறைக்க மாட்டேன். சாலையில் அடிபட்டுக் கிடப்பவர்களை, ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால், அதே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறப்பார். வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று அண்ணியிடம் சோப்புத் தண்ணீர் வாங்கிப் பின் இருக்கையைக் கழுவுவார். வேதாரண்யத்தில் உப்பளத்து வேலை பார்க்கும் ஒருவர் அண்ணனின் இறுதிச் சடங்குக்கு வந்து கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாரே, யாரென்று பலரும் கேட்டீர்கள். அப்படிப் பிழைத்தவர்களில் ஒருவர் அவர்.

இனி, சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தது ஒரு தை மாதம். நான் வாழ்க்கைப்பட்டது மன்னார்குடிக்கு அந்தப் பக்கம். தாய்மாமன் வந்து மாலை போடாமல் பெண்ணை மனையில் உட்கார வைக்க முடியாது. அண்ணனுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. சீர்த்தட்டோடு அண்ணி மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார். என் நாத்தனார் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "மாமன் போலீசு போலீசுன்னு சொன்னீங்க. மாமனையும் காணோம், போலீசையும் காணோம். மாலையத் தபால்ல அனுப்புவாரோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் அண்ணனுக்குப் போன் செய்தார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவில் சைரன் சத்தம். மேலே விளக்கு சுற்றிக்கொண்டு வர, அந்தப் பெரிய வண்டி பந்தல் வாசலில் வந்து நின்றது. கூட வந்த அதிகாரியை மன்னார்குடியில் சாப்பிட இறக்கிவிட்டு, டீசல் போட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு அண்ணன் வந்திருந்தார். சீருடையோடு மாலை போட்டார். சிரித்த நாத்தனாரே, "அண்ணே, வண்டிகிட்ட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்குவோம்" என்று கெஞ்சினார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்ல. போட்டோ எடுக்கும்போதே அதிகாரி போனில் அழைத்துவிட்டார். "பக்கத்துலதாங்க, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் வண்டியில் ஏறினார். பக்கத்தில் எங்கே, மன்னார்குடிக்கு அரை மணி ஓட்டம்.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணன் தம் கடைசி மாதங்களில்தான் என்னிடம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய நாட்களில் பருவம் தப்பிய மழை. அன்றுதான் வெயில் அடித்தது. வழியில் ஒரு விவசாயி, அறுத்த சம்பா நெல்லைச் சாலையின் ஒரு பாதியில் கொட்டிக் காய வைத்திருந்தார். மறு பாதி வண்டிகளுக்கு. நெல்லைச் சுற்றிக் கல் வைத்து, தூரத்திலேயே தெரியும்படி முள்கிளை போட்டு அதில் சிவப்புத் துணி கட்டிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் வைத்திருந்தார். காலியாக இருந்த பாதியில் ஒரு மினி பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் போக அண்ணனுக்குப் பொறுமை இல்லை. சைரனைப் போட்டுவிட்டு, கல்லையும் முள்ளையும் மிதித்து நெல்லின் மேல் ஏற்றினார்.

"அந்த வண்டி எதையும் தாண்டும்னு ஒரு திமிரு பாப்பா. காய்ஞ்ச நெல்லு மேல ஏறுனா எண்ணெய் மேல ஏறுன மாதிரின்னு எனக்குத் தெரியாதா? காலால கிளறி வளந்தவன். தெரிஞ்சேதான் ஏத்துனேன்."

பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அந்த விவசாயியை இடித்துத் தள்ளிவிட்டு, வாய்க்காலில் இறங்கிச் சாய்ந்தது. அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அண்ணனுக்குச் சிராய்ப்பு மட்டும்தான். அண்ணனே அவரைத் தூக்கி மினி பஸ்ஸில் ஏற்றினார். அந்த வலியிலும் அவர், "துணி கட்டியிருந்தேனே சார், பாக்கலையா நீங்க" என்று கேட்டாராம்.

மேலதிகாரிகள் வந்து பார்த்தபோது துணியும் இல்லை, கிளையும் இல்லை. எல்லாம் வண்டியோடு வாய்க்காலுக்குள் போயிருந்தது. "அடையாளம் ஏதாவது வச்சிருந்தாங்களாய்யா?" என்று ஒருவர் கேட்டார். அண்ணன், "எதுவும் இல்லைங்க. விபத்துன்னு தகவல் வந்து வேகமாப் போனேன், திடீர்னு பாத்தா ரோட்டுல நெல்லு" என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலை என்னாவது, வண்டியை விசேஷ வீட்டுக்கு எடுத்துப் போனது என்னாவது. மினி பஸ்காரர் போலீஸ் விஷயம் நமக்கெதற்கு என்று ஒதுங்கிக்கொண்டார். வண்டியை விட்டு இறங்கிச் சாப்பிடப் போனது வெளியே தெரியக் கூடாதென்று, கூட வந்த அதிகாரியும் அண்ணன் சொன்னதையே சொன்னார்.

சாலையை மறித்து விபத்துக்குக் காரணமானவர் என்று அந்த விவசாயி மேல் வழக்கு வந்தது. கட்டுப்போட்ட காலோடு நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று யாரோ சொன்னார்களாம். கால் கோணலாகத்தான் கூடியது. அத்தோடும் போகவில்லை. அந்தச் சாலையில் இனி யாரும் நெல் போடக் கூடாது என்று கண்டிப்பு வந்தது. ஊரில் எல்லோர் நெல்லையும் ஈரத்தோடு அள்ள வைத்தார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஊரார் கோபம் முழுவதும் அவர் மேல்தான். "ஒரு முள்ளுக்கெளையப் போட ஒனக்கு ஒடம்பு வளையல. இப்ப ஊருக்கே களமில்லாமப் போச்சு" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். டீக்கடைக்குப் போனால், "போலீசு வண்டியக் கவுத்த வீரரு வர்றாரு, வழி விடுங்கப்பா" என்பார்களாம். அவர் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டிலோ அந்த போட்டோவைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தோம். என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்டால், "அன்னிக்குத் திரும்பிப் போறப்ப அண்ணனுக்கு ஒரு கண்டம், ரோட்டுல நெல்லு போட்டு வச்சிருந்தாங்க, அறிவு கெட்டவங்க" என்று நானே கதை சொல்லியிருக்கிறேன். சாலையில் காய்ந்த நெல்லைத் தின்று வளர்ந்தவள்தான் நானும்.

அண்ணன் ஓய்வு பெறும்வரை வண்டி ஓட்டினார். பாராட்டுச் சான்றிதழும் வாங்கினார். ஓய்வுக்குப் பிறகு சிறுநீரகம் பழுதாகி, தஞ்சாவூரில் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வந்தார். துணைக்கு நான் போவேன். அப்படி ஒரு நாள் படுக்கையில் இருந்தபடியே இதையெல்லாம் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்னை அங்க கூட்டிக்கிட்டுப் போறியா?" என்று கேட்டார்.

வாடகைக் காரில் போனோம். அந்த விவசாயி அண்ணனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்க டிரைவர் சார். என்ன, ஒடம்பு இப்புடிப் போயிருச்சு" என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். அவருடைய மனைவி கதவோரம் நின்றபடி, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா இவருக்கு" என்றார்.

அண்ணன் உட்காரவில்லை. "நீங்க அடையாளம் வச்சிருந்தீங்க. நான் பாத்தேன். பாத்துட்டு இல்லைன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றார்.

விவசாயி அந்த நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார்: "வச்சவன் நான். எனக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சவங்கிட்டயே வந்து சொல்றீங்க. தெரியாதவன் டீக்கடையில உக்காந்திருக்கான். அவங்கிட்டச் சொல்லுங்க."

திரும்பும்போது டீக்கடை வாசலில் அண்ணன் காரை நிறுத்தச் சொன்னார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அண்ணன் கதவுப் பிடியில் கையை வைத்தார். அப்படியே வைத்திருந்தார். உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து வந்து குனிந்து பார்த்து, "என்ன சார், வழி கேக்கணுமா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்று அண்ணன் சொல்லிவிட்டார். கார் கிளம்பியது. மருத்துவமனை வாசலில் இறங்கும்போது சொன்னார்: "நான் போனா மலரு போடுவீங்கள்ல. அதுல இதைப் போடு பாப்பா. எனக்கு வாய் வரல."

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

இதை எழுதப்போகிறேன் என்றதும் வீட்டில் சண்டை வந்தது. சித்தப்பா, "அவனவன் மலரு போட்டுப் புகழுறான். நீ என்னம்மா எஃப்.ஐ.ஆர். எழுதுற" என்றார். அவர் கோபமும் நியாயம்தான். அண்ணிதான், "போடட்டும் மாமா. கடைசியா அவரு கேட்டது இது ஒண்ணுதான்" என்று முடித்துவைத்தார். அன்றே அந்த போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன்.

அந்த விவசாயியிடமும் கேட்காமல் எழுதக் கூடாதென்று மறுபடி போனேன். "எழுதுங்க. எம்பேரு வேணாம், அந்த நெல்லு யாருதுன்னு ஊருக்கே தெரியும். ஆனா மன்னிச்சுட்டேன்னு எழுதிறாதீங்க. எனக்கு இன்னும் அந்த மனசு வரல" என்றார். அவர் மனைவி, "போடுறதுன்னா நல்லாத் தெரியுற மாதிரி போடுங்க, பொடி எழுத்துல போட்டுறாதீங்க" என்றார்.

அண்ணனைக் கடைசிவரை கைத்தாங்கலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த, பாடை தூக்கிய ஓட்டுநர் நண்பர்களுக்கும், வேதாரண்யத்திலிருந்து வந்த அந்தத் தம்பிக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டுக்குச் சோறாக்கிப் போட்ட அண்டை வீட்டாருக்கும், இதை அச்சிடச் சம்மதித்த அண்ணிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரில் ஒரு கட்டு அந்த ஊர் டீக்கடைக்குப் போகிறது. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, உங்கள் வாசல்வரை வந்தும் அண்ணனால் சொல்ல முடியாமல் போனது இதுதான். அந்தத் தை மாதம் உங்கள் ஊர்க்காரர் முறைப்படி அடையாளம் வைத்துத்தான் நெல் காயப் போட்டிருந்தார். வண்டி ஓட்டி வந்தவர் அதைப் பார்த்தார். பார்த்தும் ஏற்றினார். பிறகு பொய் சொன்னார். உங்கள் சாலையில் நெல் போட முடியாமல் போனதற்குக் காரணம் உங்கள் ஊர்க்காரர் இல்லை, என் அண்ணன்.

இதைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு யாராவது ஒருவர் அந்த விவசாயியின் வீட்டுக்குப் போய், அவரை டீ குடிக்கக் கூப்பிடுங்கள்.