கல்யாணச் சேலை செய்த வினை

தையல்காரக்காவிடம் புதையல் இருக்கிறதாம், இலவச மளிகைக் கூடத்தில் ஊருக்கே அரிசி அள்ளிப் போடுகிறாளாம் என்று மாடிக் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தவள் எதிர்வீட்டுக்காரி. அவள் பார்த்தது நிஜம்தான். நடந்தது வேறு.

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணிக் கம்பெனி மூடி மூன்று மாதம் ஆயிற்று. அரிசி டப்பாவைத் தட்டினால் தாளம்தான் வந்தது. அன்று காலை பிள்ளைகள் இரண்டும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயின. அக்கா நாலு பேரிடம் விசாரித்து அந்தக் கூடத்தைக் கண்டுபிடித்தாள். இல்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று கல்யாணச் சேலையைக் கட்டி, பவுடர் பூசி, காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

வாசலில் நின்றவர் சேலையைப் பார்த்தார். "உதவி பண்ண வந்தீங்களாம்மா? நல்ல நேரத்துல வந்தீங்க, பின்பக்கமா வாங்க!"

அந்தச் சேலையோடு இல்லை என்று எப்படிச் சொல்வது? அக்கா பின்பக்கமாகப் போனாள். அரிசி மூட்டை தீரும்வரை வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம், எதிர்வீட்டுக்காரிக்கும்தான், அளந்து போட்டாள். காலிப் பை இடுப்பிலேயே வீடு திரும்பியது.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். "மகராசி! அடுத்த வாரம் எனக்கு மட்டும் ஒரு படி கூடப் போடுக்கா."

"மகராசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லடி. நான் குடுக்க வரல, உன் பின்னாடி வரிசைல நிக்க வந்தேன். இப்ப உன் பையில இருந்து ரெண்டு படி போடு. பிள்ளைங்க இன்னும் சாப்பிடல."