தும்மாத நீர்யானைக்கு இரண்டு மார்க்

கறார் அக்கா என்று சொன்னாலே எழுத்தாளர்கள் ஓட்டம் பிடிப்பார்கள். பள்ளி நூலகங்களுக்கு எந்தக் கதைப்புத்தகம் போகலாம், எது போகக்கூடாது என்று மார்க் போடுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. படங்களுக்கு நான், கதைக்கு அக்கா. பதினெட்டு வருடத்தில் அவர் பேனா பத்துக்கு ஆறைத் தாண்டியதில்லை. போட்ட மார்க்கை ஒரு தடவைகூட மாற்றியதும் இல்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா!

போன மாதம் ஒரு நீர்யானைப் புத்தகம் வந்தது. நீர்யானைக்குத் தும்மல் வருகிறது, வருகிறது, வந்தபாடில்லை. பக்கத்துக்குப் பக்கம் 'ஹா... ஹா...' தான். அக்கா இரண்டே நிமிடத்தில் புரட்டிவிட்டு, "ஒரே சத்தம். மொழிவளம் இல்லை. கருத்தும் இல்லை" என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டார். படங்களுக்கு நான் எட்டு போட்டிருந்தேன். என்னை ஒரு முறை முறைத்தார். நான் அடுத்த புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

பட்டியலை முடிவு செய்யும் இறுதிக் கூட்டத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்கு அவர் தங்கை மகள் வந்திருந்தாள். ஐந்து வயது வாலு. அக்காவின் பையைக் குடைந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டாள்.

"பெரியம்மா, சத்தமா படி!"

சத்தமாகப் படித்தால்தானே சங்கதி தெரிகிறது! 'ஹா' என்று இழுத்தால் மூச்சு முட்டுகிறது. பக்கத்தைத் திருப்பினால் தும்மலைக் காணோம். மறுபடியும் இழுக்க வேண்டும். ஆறாம் பக்கத்தில் வாலு சோபாவிலிருந்து உருண்டு விழுந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் அக்காவும் கூடவே. சிரித்துச் சிரித்து அக்காவுக்கு விக்கலே பிடித்துக்கொண்டதாம்.

திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்தபோது அவர் முகமே சரியில்லை.

"தம்பி, தப்பு பண்ணிட்டேன். இன்னைக்கு விட்டா அந்தப் புத்தகம் எந்தப் பிள்ளை கைக்கும் போகாது."

"மார்க்கை மாத்திடுங்கக்கா."

"மாத்தினா என் பேரு என்ன ஆகும்? எல்லாரும் சிரிப்பாங்கடா."

"சிரிக்கத்தானேக்கா அந்தப் புத்தகமே!"

அடிக்க வந்தார். நான் ஓடிவிட்டேன்.

கூட்டத்தில் தலைவர் பட்டியலைப் பார்த்து, "நீர்யானை, ரெண்டு மார்க். தள்ளிடலாம்" என்றார். அக்கா எழுந்தார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார்.

"சார், ஒரு தடவை படிச்சுக் காட்டுறேன்."

"இதென்னம்மா, நாங்க என்ன குழந்தைங்களா?"

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'ஹா...' என்று ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாம் பக்கத்தில் கடிகாரத்தை மறந்தார். பத்தாம் பக்கத்தில் நாங்கள் ஏழு பேரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் அக்கா புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"சரி சார், தள்ளிடலாமா?"

"இருங்கம்மா! அது தும்முச்சா இல்லையா?"

"ரெண்டு மார்க் கதைதானே சார், எதுக்கு உங்களுக்கு?"

"அட, சொல்லித் தொலைங்கம்மா!"

அக்கா திறந்தார். நீர்யானை, "போயிடுச்சு" என்று மூக்கைத் துடைத்துக்கொள்கிறது. அதன் முதுகில் உட்கார்ந்திருந்த எறும்பு "அச்!" என்று ஒரு தும்மல் போடுகிறது. நீர்யானை தொபுக்கடீர் என்று குளத்தில் விழுகிறது. தலைவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில் தேநீர் முழுக்கப் பட்டியல்மேல் கொட்டியது.

அக்கா இரண்டை அடித்துவிட்டு ஒன்பது போட்டார். கீழே, "தவறு என்னுடையது. வாய்விட்டுப் படிக்காமல் மார்க் போட்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சந்தோஷத்தில் எழுந்து ஆடலாம் போலிருந்தது.

அப்பாடா என்று உட்கார்ந்த அக்கா திடீரென்று நிமிர்ந்தார்.

"தம்பி... அப்போ மத்ததெல்லாம்?"

பதினெட்டு வருடமாக அவர் தள்ளிவிட்ட புத்தகங்கள் கிடங்கில் நாலு அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாமே வாயை மூடிக்கொண்டு படித்தவை.

மறுநாள் காலை கிடங்கிலிருந்து முதலில் ஒரு பூனை கத்தியது. அப்புறம் ரயில் ஒன்று கிளம்பியது. சிங்கம் உறுமியபோது காவலாளி பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"சார், உள்ளே என்ன சார் நடக்குது?"

"ஒண்ணுமில்லண்ணே. அக்கா வேலை பார்க்கிறாங்க."