யார் சொல்லி மாற்றியது?

மில்லர்புரத்தில் செந்தில்முருகன் வீட்டு மளிகைச் சீட்டின் அடியில்கூட ஒரு வரி இருக்கும்: “திருத்தம் 3. யார் சொல்லி: முருகேஸ்வரி. மாற்றம்: உளுந்து கூட்டப்பட்டது.” மனைவி முருகேஸ்வரி அந்த வரியைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவாள். கட்டிக்கொண்ட பாவத்துக்கு வீட்டுக்குள் பொறுத்துக்கொள்ளலாம், கடைத்தெருவிலுமா?

பிறக்கும்போதே மனிதர் இப்படி இல்லை. துறைமுகம்தான் இப்படி ஆக்கியது. சரக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில், சரக்கு ஏற்றும் விதிமுறைகளைக் கணினியில் வடிவமைத்து அச்சிட்டுத் தருவது அவர் வேலை. ஒருமுறை யாரோ பழைய தாளைப் பார்த்துச் சரக்கை அடுக்கிவிட, அத்தனையையும் இறக்கி மறுபடி ஏற்றவேண்டியதாயிற்று. எது பழைய தாள், எது புதுசு என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு அவர் லேடெக் என்ற மென்பொருளைக் கற்றுக்கொண்டார். எந்த மாற்றம் செய்தாலும் எத்தனையாவது திருத்தம், என்ன மாறியது, யார் சொல்லி மாறியது என்று அவர் ஒரு வரி அடித்தால் போதும், தாளின் அடியில் ஒரு பெட்டிக்குள் தானாகவே வந்துவிடும். அலுவலகத்தில் எல்லாரும் அதைக் கேலி செய்வார்கள், ஆனால் தாளைக் கையில் எடுத்தால் முதலில் அடியைத்தான் பார்ப்பார்கள்.

அந்தப் பெருமை தலைக்கேறியதுதான் வினை. தம்பி காசிலிங்கம் ஆத்தூரில் பலசரக்குக் கடை திறக்கவிருந்தபோது, முதல் அழைப்பிதழை வெற்றிலை பாக்குடன் தட்டில் வைத்து அண்ணனிடம் நீட்டினான். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அண்ணன் வாழ்த்துவதற்குப் பதிலாகச் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“ஏலே, பின்கோடு இல்ல. எத்தனாவது திருத்தம்னும் போடல” என்று வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

காசிலிங்கம் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவன்தான். இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. தவறு தன்னுடையது என்று செந்தில்முருகனுக்கு நன்றாகவே தெரியும். ஊரார் தவறையெல்லாம் வட்டம் போட்டுக் காட்டுகிறவருக்குத் தன் தவறைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

இப்போது மகள் ஐஸ்வர்யாவுக்குக் கல்யாணம். பந்தலில் தம்பி பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. அழைப்பிதழை அவரே வடிவமைத்தார். சம்பந்தி சொல்லி மண்டபத்தின் பெயர் பெரிதானது. மாமியார் சொல்லி ஒன்றுவிட்ட மாமா பெயருக்குப் பின்னால் பி.காம். ஒட்டிக்கொண்டது. ஒன்பதாவது திருத்தத்தில் தம்பி பெயரை அவரே எடுத்தார்.

“பேரப் போட்டு, அவன் வரலைன்னா ஊரு சிரிக்கும்” என்றார் மனைவியிடம்.

“ஒங்க தம்பி, ஒங்க பாடு. நான் இதுல வாயத் தொறக்க மாட்டேன்” என்றாள் முருகேஸ்வரி. ஐஸ்வர்யாவும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இட்லியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தவர், பெயரைத் திரும்பச் சேர்த்து அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த அவசரத்தில் ஒன்று விட்டுப்போனது. கோப்பின் தலைப்பில் ‘வரைவு’ என்று இருப்பதை ‘இறுதி’ என்று மாற்றினால்தான் அடிப்பெட்டி மறையும். உலகத்துக்கே திருத்தம் பார்க்கிறவர் இதை மாற்றவில்லை.

அழைப்பிதழ்க் கட்டு வந்ததும் பிரித்துப் பார்த்த ஐஸ்வர்யா சிரித்த சிரிப்பில் முருகேஸ்வரி அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். பின் அட்டையின் அடியில் பத்துத் திருத்தமும் பொடி எழுத்தில் வரிசையாக நின்றன, மாமியாரின் பி.காம். உட்பட.

செந்தில்முருகன் அச்சகத்து ஷாமைப் போனில் பிடித்து ஏசினார்.

“போன தடவ ஒரு கோட்ட நகட்டுனதுக்கு என்னா ஏச்சு ஏசுனிய அண்ணாச்சி! ஒரு புள்ளியத் தொடக்கூடாதுன்னிய. தொடல” என்றான் ஷாம்.

மறுபடி அச்சடிக்கலாம் என்றால் அதற்குள் மச்சான் லிங்கராஜ் அச்சகத்திலிருந்தே ஒரு கட்டு எடுத்துக்கொண்டு ஆத்தூருக்குப் போய், காசிலிங்கம் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தம்பியின் பெயரை எடுத்த சங்கதி இனி தம்பிக்கே தெரியும். செந்தில்முருகன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காசிலிங்கம் வாசலில் வந்து நின்றான். கையில் அழைப்பிதழ். பின் அட்டையில் சிவப்பு மையில் இரண்டு வட்டம்.

“ஒம்பதாவது திருத்தம். காசிலிங்கம் பெயர் நீக்கம். யார் சொல்லி: செ.மு.” என்று எல்லாருக்கும் கேட்க வாசித்தான். செந்தில்முருகன் தலையைக் குனிந்துகொண்டார்.

“மதினி சொல்லி, பிள்ள சொல்லித்தான் என் பேரப் போட்டிருப்பியன்னு நெனச்சேன்ணே” என்றவன் அடுத்த வட்டத்துக்கு வந்தான். “பத்தாவது திருத்தம். காசிலிங்கம் பெயர் சேர்ப்பு. யார் சொல்லி: யாரும் சொல்லவில்லை.”

அந்தக் கடைசி வார்த்தையை அவன் இரண்டு தடவை வாசித்தான். செந்தில்முருகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“கடத் தொறப்புக்கு நீ அழைக்க வந்த அன்னைக்கு நான் செஞ்சது தப்புலே” என்றார்.

காசிலிங்கம் மதினி முருகேஸ்வரியைப் பார்த்தான், ஐஸ்வர்யாவைப் பார்த்தான், கடைசியில் அண்ணனைப் பார்த்தான்.

“இது யாரு சொல்லிச் சொல்லுதிய?”

“யாரும் சொல்லல லே.”