மைக் செட்காரரிடம் கேட்காத கேள்வி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. கல்வராயன் மலையிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்களில் பலர் என் வாடிக்கையாளர்கள்.

அவர்களுக்கு நானே ஒரு பழக்கம் பண்ணி வைத்தேன். சாதிச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் நனைந்து ஒட்டிக்கொண்டு வரும். பிரித்துக் காயவைத்து ஸ்கேன் பண்ணுவதற்குள் எனக்கு எரிச்சல் வந்துவிடும். “இதெல்லாம் எதுக்குத் தூக்கிக்கினு அலையுறீங்க? ஒருதரம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சுட்டா போதும்” என்று ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர். மலைமேல் கரியாலூரிலிருந்து போன் மட்டும் வரும், நான் ஃபோல்டரைத் திறந்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுவேன். என் கம்ப்யூட்டர்தான் அவர்களுக்குப் பீரோ. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கம்ப்யூட்டர் அடிக்கடி மக்கர் பண்ண ஆரம்பித்ததும், நிரந்தரமாகப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். முதலில் வந்தவர் வடக்கனந்தலைச் சேர்ந்த ஒரு பெண். இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் நடத்துகிறவர். வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எத்தனை குடும்பத்துப் பேப்பர் இதில் இருக்கிறது, இன்னொரு நகல் எங்கே, அந்த நகலைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தேன். இன்னொரு நகல் என்று ஒன்று கிடையாது என்றேன். அவர் ஒரு தாளை நீட்டினார். வாரம் ஒருமுறை தனி டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். எடுத்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைக்க வேண்டும். மாதம் ஒருநாள் அவர் வந்து, நகலிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை என் கண்ணெதிரே திறந்து காட்டுவார். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர், அப்படியானால் எங்கள் பேப்பர் எல்லாம் பத்திரமாக இல்லையா என்று என்னைக் கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் கடையில், என் ஆட்கள் முன்னால், என்னையே இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுகிறாரே என்று கோபம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசிக்கவெல்லாம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், கோயில் வாசலில் மைக் செட்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பங்குக் கோயிலில் மைக்கும் புரொஜெக்டரும் அவர் பொறுப்பு, வார நாட்களில் கம்ப்யூட்டர் ரிப்பேர். திருவிழா முழுக்க நின்று வேலை செய்துவிட்டு ஒரு டீகூடக் கேட்டு வாங்க மாட்டார். நான் ஆள் தேடுகிற விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

“நம்ம கோயில் ஆளு நான் இருக்கசொல்ல வெளிய எதுக்குங்க போறீங்க? ஃபைலு காப்பி எடுக்குறதுலாம் நான் பாத்துக்குறேன்.”

உடனே சரி என்றேன். காப்பி எப்படி எடுப்பீர்கள், அது திறக்கிறதா என்று யார் பார்ப்பது, ஒன்றும் கேட்கவில்லை. பூசையில் சமாதானம் சொல்லி ஒருவரையொருவர் கும்பிட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட ஆளிடம் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதா? எங்களுக்குள் அது சந்தேகப்படுவதற்குச் சமம்.

அவர் ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகினார். அதில் நீல விளக்கு எரிந்தால் காப்பி ஆகிறது என்று அர்த்தமாம். தினமும் கடை திறந்ததும் அந்த விளக்கைப் பார்ப்பேன், நிம்மதியாக வேலையைத் தொடங்குவேன். டிஸ்க்கை ஒருநாளும் கழற்றவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம், யாருக்கோ பிரிண்ட் எடுக்க மெயிலில் வந்த ஃபைலைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் இருந்த எந்த ஃபைலும் திறக்கவில்லை. பணம் அனுப்பினால்தான் திறக்கும் என்று திரையில் ஒரு மிரட்டல். செருகியே இருந்த டிஸ்க்கையும் வைரஸ் விட்டுவைக்கவில்லை. மைக் செட்காரர் ஓடி வந்தார், வேர்த்து விறுவிறுக்க சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார், கடைசியில் கையைப் பிசைந்தார். வெட்கத்தை விட்டு வடக்கனந்தல் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, “டிஸ்க்க கழட்டி வெச்சிருந்தா போதுங்கண்ணா” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை கரியாலூரிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். பெண் பிளஸ் டூ தேறியிருந்தாள், நர்சிங் படிக்க விண்ணப்பம் போட வேண்டும். அதற்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்க, அப்பாவின் பழைய சான்றிதழ் ஆதாரமாக வேண்டும். அது கையால் எழுதிக் கொடுத்த காலத்துச் சான்றிதழ், அதிலிருக்கும் எண்ணை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். அசல் எங்கே என்று கேட்டேன். கூரை மாற்றும்போது பெட்டி நனைந்து உள்ளே இருந்ததெல்லாம் கூழாகிவிட்டதாம்.

“போனா போவுதுன்னு வுட்டுட்டேங்க. அதான் உங்ககிட்ட இருக்குதே” என்று சிரித்தார்.

ஒருவழியாக நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை, ரிப்பேர்தானே, எப்போது சரியாகும் என்று கேட்டார். மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்காமல், அணைந்து கிடந்த கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆதாரம் இல்லாமல் மனுக் கொடுத்தால் ஊருக்கு வந்து விசாரித்து, சாட்சி கேட்டுத்தான் தருவார்கள். அதற்கு ஆகிற நாள் ஆகும். கடையைப் பூட்டிவிட்டு நானும் அவர்களோடு அலைந்தேன். சான்றிதழ் வந்தது. அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது.

மைக் செட்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. இன்றும் ஞாயிறுதோறும் கும்பிட்டுக்கொள்கிறோம். அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். ஒரு கேள்வி கேட்டால் அவர் முகம் வாடும் என்று நான் பார்த்தேன். கரியாலூர்ப் பெண்ணின் ஒரு வருடத்தைப் பார்க்கவில்லை. அதற்கு என்னை நானே மன்னிக்க முடியவில்லை. இப்போது கடைக் கம்ப்யூட்டர்களை வடக்கனந்தல் பெண்தான் கவனிக்கிறார், மாதாமாதம் கையெழுத்துப் போடுகிறேன். போட்டு என்ன?

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு ஒருநாள் அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். அவள் தோளில் பெரிய பை. மத்தியானம் பஸ் ஏறித் திருப்பூருக்குப் போகிறாள், பனியன் கம்பெனியில் வேலை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா எனக்கு ஆறுதல் சொன்னார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பிறகு புதுச் சான்றிதழை என்னிடம் நீட்டினார்.

“இதையும் ஏத்தி வெச்சுடுங்கண்ணே.”

நான் கை நீட்டுவதற்குள் மகள் அதை வாங்கிக்கொண்டாள்.

“வேணாம்பா. நானே வெச்சுக்குறேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. சான்றிதழைக் கவரில் போட்டு, பைக்குள் மடித்துவைத்த துணிகளுக்கு நடுவில் செருகி, ஜிப்பை இழுத்து மூடினாள்.