நெய்னா மாமா பார்க்காத சிங்கப்பூர்

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருஷம் பூராவும் கோடைதான். நடுவில் மழை வந்து கொஞ்சம் ஏமாற்றிவிட்டுப் போகும். ஆனாலும் டுரியான் பழுத்து, சிராங்கூன் ரோடு முழுக்க அந்த வாடை ஏறி, போகிற வருகிறவர்களில் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டும் மீதிப் பேர் மூக்கை நீட்டிக்கொண்டும் நடக்கிற இரண்டு மாதங்கள் உண்டு. தெருவில் டிராம் ஓடத் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்த ஒரு டுரியான் காலத்தில்தான், சம்சுன்னிசாவின் தாய்மாமா நெய்னா முகம்மது நாகூரிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார்.

வந்தவர் சும்மா வரவில்லை. அவளையும் அவளுடைய நாலு வயது மகள் ஆயிஷாவையும் ஊருக்குக் கூட்டிப் போக வந்திருந்தார்.

நாகூரில் அவர்கள் தெருவில் அப்படித்தான் வழக்கம். ஆண்கள் கப்பலேறிப் போய்ச் சம்பாதிப்பார்கள். பெண்கள் பிறந்த வீட்டிலேயே இருப்பார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புருஷன் பெட்டி நிறையச் சாமானோடு வருவான், மூன்று மாதம் இருப்பான், போய்விடுவான். பிள்ளைகள் அவனைப் பார்த்துப் பழகி முடிப்பதற்குள் அடுத்த கப்பல் வந்துவிடும். யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை. சம்சுவின் புருஷன் நூர்தீன் ஒருவன்தான் கிறுக்குப் பிடித்தாற்போல் மூன்று வருஷத்துக்கு முன்பு பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து சுண்ணாம்புக் கம்பத்தில் ஒரு மாடி அறையில் குடிவைத்தான். சிராங்கூன் ரோட்டு வட்டாரத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் அது. தெருவே வாயில் விரலை வைத்தது. சம்சுவின் உம்மா மூன்று வருஷமும் அழுது தீர்த்துவிட்டு, கடைசியில் தம்பியை அனுப்பிவிட்டாள்.

மாமாவின் சொல்லுக்கு மறுசொல் அந்தக் குடும்பத்தில் கிடையாது. நூர்தீனுக்கு மரக்கிடங்கில் கிராணி வேலையே அவர் சொல்லிக் கிடைத்ததுதான். கணக்கும் கடிதமும் எழுதுவதில் புலி. மாமா முன்னால் மட்டும் பூனைக்குட்டி.

"ஆறு ஞாயித்துக்கிழமை இருக்கு. அப்புறம் கப்பல்" என்றார் மாமா, வந்த அன்றே சோற்றில் கைவைத்தபடி. "புள்ளைக்கு ஒரு காய்ச்சல் தலைவலின்னா கஷாயம் வச்சுக் கொடுக்க இங்க யாரு இருக்கா? இது ஆம்பளைங்க ஊரு. நான் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன், எனக்குத் தெரியாதா?"

சம்சு அவர் தட்டில் மீன் குழம்பை ஊற்றினாள். அவளுக்குப் போக மனசில்லை. இந்த ஒற்றை அறையும், காலையில் புருஷனுக்குக் கட்டிக் கொடுக்கிற சோறும், சாயங்காலம் அவன் மாடிப்படி ஏறுகிற சத்தமும் அவளுக்குப் பிடித்திருந்தன. இதை மாமாவிடம் எந்த வாயால் சொல்வது?

நூர்தீனுக்கு ஒரு யோசனை வந்தது. "மாமாவுக்கு ஊரைச் சுத்திக் காட்டுவோம் சம்சு. புது சிங்கப்பூரைப் பாத்தா மனசு மாறிடும்."

பாவம், நல்ல யோசனைதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை டிராமில் கடற்கரைக்குப் போனார்கள். சம்சு வெள்ளைத் துப்பட்டியால் தலையையும் உடம்பையும் போர்த்திக்கொண்டு நாலு பேர் நடுவே ஏறி உட்கார்ந்ததையே மாமாவால் தாங்க முடியவில்லை. "திரை போட்ட வண்டி கிடைக்கலையா?" என்று நாலு தரம் கேட்டார். இறங்குகிற இடம் வந்ததும், நிற்கும்வரை பொறுக்காமல், மாட்டுவண்டியிலிருந்து குதிக்கிற பழக்கத்தில் காலைக் கீழே வைத்தார். வண்டி அவரை இரண்டு சுற்று சுற்றிச் சாலையில் உட்காரவைத்துவிட்டுப் போனது. அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் அவருடைய குடை டிராமிலேயே போய்விட்டது.

"எங்க போகும் குடை?" என்று கேட்டாள் ஆயிஷா.

"ஜொகூருக்கு" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த வாரம் சாங்கிக் கடற்கரை என்று முடிவாயிற்று. கீழ் வீட்டு ரத்தினம்மாவின் புருஷன் மருதப்பன் பால் வியாபாரி. "நம்ம வண்டியிலயே போயிட்டு வாங்க. மாடு தங்கமான மாடு" என்று ஓட்டுவதற்கு ஆளையும் கொடுத்து அனுப்பினார். மாடு தங்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆறு வருஷமாய் வீடு வீடாகப் பால் ஊற்றிய மாடு. சிராங்கூன் ரோட்டில் ஒவ்வொரு வாடிக்கை வீட்டு வாசலிலும் நின்றது. உள்ளேயிருந்து யாராவது பாத்திரத்தோடு வந்து, "இன்னிக்குப் பால் இல்லையா?" என்று கேட்டு, வண்டிக்குள் ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்ட பிறகுதான் நகரும். அடித்தாலும் கெஞ்சினாலும் மசியவில்லை. உச்சி வெயிலில் அவர்கள் பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை. கட்டிக்கொண்டு வந்த சோற்றை ஒரு மரத்தடியில் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். திரும்பும்போதும் நின்றது.

சம்சுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. துப்பட்டிக்குள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சிரிக்கவில்லை. அடுத்த மூன்று வாரமும் மழை அடித்துப் பெய்து, ஓலைப் பாயும் ஒழுகுகிற கூரையுமாக வீட்டிலேயே கிடந்தார்கள்.

"பாத்தியா?" என்றார் மாமா ஒழுகலைக் காட்டி. வானம் ஒழுகியதும் நூர்தீனின் குற்றம்தான் போலிருந்தது.

ஆறாவது ஞாயிறு. கடைசித் துருப்பாக ரயில். உட்லண்ட்ஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து படகில் அக்கரை ஜொகூரைப் பார்த்துவிட்டு வருவது. மாமா இருந்த காலத்தில் சிங்கப்பூரில் ரயிலே கிடையாது. டேங்க் ரோட்டில் ஏறியதிலிருந்து ஜன்னல் ஓரம் ஆயிஷாவோடு போட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்சுவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

புக்கிட் தீமாவில் வண்டி நின்றதும், மேடையை ஒட்டி டுரியான் குவித்து வைத்திருப்பதை நூர்தீன் பார்த்துவிட்டான். "ஒரு நிமிஷம்" என்று இறங்கினான். பேரம் பேசினான். முகர்ந்து பார்த்தான். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். பழம் வாங்குகிறவன் செய்கிற எல்லாவற்றையும் அவன் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தபோது ரயில் போய்விட்டது. கையில் பழத்தோடு, வாயைத் திறந்தபடி, வரவரச் சின்னதாகிக்கொண்டே போன புருஷனை சம்சு ஜன்னல் வழியே பார்த்தாள்.

"யா அல்லா! மாப்பிள்ளை!" என்று மாமா எழுந்து நின்று கத்தினார். ரயில் யார் மாப்பிள்ளைக்கு நிற்கும்?

உட்லண்ட்ஸில் இறங்கினார்கள். ஒரு மேடை, ஒரு கொட்டகை, தூரத்தில் படகுத்துறை, தென்னை மரங்கள். வெயில் கொளுத்தியது. அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் என்றார்கள். ஆயிஷா அவசரமாகப் போகவேண்டும் என்று காலைப் பின்னிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாமாவுக்கோ தலை சுற்றியது, முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஆம்பளை அல்லவா! இருபத்திரண்டு வருஷம் மலாய் பேசியவர் அல்லவா! தேங்காய்க் கூடையோடு போன ஒருவரை நிறுத்தினார். தண்ணீர் வேண்டும், குழந்தைக்கு ஒதுக்குப்புறமாக ஓரிடம் வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. "பெராப்பா?" என்றார். என்ன விலை என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த மலாய் முழுக்க அதுதான்: விலை, எடை, மூட்டை, நாளைக்கு வா. அந்த ஆள் மரியாதையாகக் கூடையை இறக்கிவைத்து, எத்தனை மூட்டை கொப்பரை வேண்டும் என்று கேட்டார்.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சம்சு இதற்குள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தென்னைகளுக்கு நடுவே தெரிந்த ஒரு மலாய் வீட்டைப் பார்த்து நடந்திருந்தாள். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு நடுவயதுப் பெண்ணிடம் என்னவோ சொன்னாள். அந்தப் பெண் துணியைக் கொடியில் வீசிவிட்டு ஓடிவந்தாள். குழந்தையை ஒருத்தி வாங்கிப் போனாள். மாமாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மரப்படியில் உட்காரவைத்து, படியடியில் இருந்த தண்ணீர்ச் சாடியிலிருந்து மொண்டு தலையில் ஊற்றினார்கள். இளநீர் வந்தது. விசிறி வந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். சம்சு அவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு அம்மை போட்டதையும், நாகூர் மீனுக்கும் இந்த ஊர் மீனுக்கும் என்ன வித்தியாசம் என்பதையும், புருஷன் டுரியானோடு நின்றுவிட்ட கோலத்தையும் அவள் சொல்லச் சொல்ல அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாமா இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கே புள்ளே கத்துக்கிட்டே இதெல்லாம்?" என்று கேட்டார் மெதுவாக.

"பின்கட்டுக் குழாயடியிலதான் மாமா. போன வருஷம் ஆயிஷாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப பக்கத்து மலாய் அம்மாவும் ரத்தினம்மாவும்தான் மாத்தி மாத்தி உக்காந்திருந்தாங்க."

கஷாயம் வைத்துக் கொடுக்க யார் இருக்கா என்று கேட்டவர் இளநீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

மூன்று மணி நேரம் கழித்து நூர்தீன் நாலு டுரியானோடு வந்து இறங்கினான். முகத்தில் ஈயாடவில்லை. திட்டு விழும் என்று தலையைக் குனிந்து நின்றவனிடம் மாமா, "ஒண்ணை உடை" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு சுளைகூடத் தின்றதில்லையாம். கடையிலேயே படுக்கை, வாடை சரக்கில் ஏறும் என்று முதலாளி விட்டதில்லை. அந்த மரப்படியில் உட்கார்ந்து ஒரு பழம் முழுக்கத் தின்றார். ஜொகூரைப் பார்க்கவில்லை. யாருக்கும் அது நினைவும் இல்லை.

ஆனால் கப்பல் கப்பல்தான். வியாழக்கிழமை புறப்பாடு. மாமா தீர்ப்பை மாற்றிச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சம்சு பெட்டியைத் திறந்து ஆயிஷாவின் சட்டைகளை மடித்து வைத்தாள். கை மடித்தது, கண் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

மாமா பாயில் உட்கார்ந்திருந்தார். "சம்சு, அன்னிக்கு அந்த மலாய்க்கார அம்மா என்னைக் காட்டி என்னமோ கேட்டாளே, என்ன அது?"

"நீங்க எத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்தீங்கன்னு கேட்டா. சொன்னேன்."

"அப்புறம்?"

சம்சு தயங்கினாள். "அப்ப பெண்டாட்டி எங்கேன்னு கேட்டா. ஆமினா மாமி ஊர்ல இருக்காங்கன்னு சொன்னேன். ஐயோ பாவம்னா. யாரைச் சொல்றேன்னு கேட்டேன். ரெண்டு பேரையும்தான்னா."

மாமா குனிந்து பாயின் ஓரத்தைத் தடவினார். அதைப் பார்த்ததே சம்சுவுக்குத் தைரியம் கொடுத்ததோ என்னவோ, ஆறு வாரமாய் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"நீங்க வான்னா வர்றேன் மாமா. உங்க சொல்லை மீற மாட்டேன். ஆனா ஆமினா மாமி மாதிரி இருக்க என்னால முடியாது. கப்பல் வர்ற நாளெல்லாம் மாமி வாசப்படியில நின்னது எனக்குத் தெரியும். ஒருநாள், அங்கே என்னதான்டி இருக்கும்னு என்கிட்ட கேட்டாங்க. எனக்கு அப்ப ஒம்பது வயசு. எனக்கு என்ன தெரியும்?"

மாமா தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அசர் தொழுகை முடிந்து திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. "பெட்டியை மூடி வை" என்றார். சம்சு மீதிச் சட்டைகளையும் உள்ளே திணிக்கப் போனாள். "உள்ளே இருக்கிறதை வெளிய எடுத்துட்டு மூடி வைன்னு சொல்றேன். உன் உம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கீழேயிருந்து ரத்தினம்மா, "என்னாச்சு லா?" என்று பதறிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாமா தனியாகக் கப்பலேறினார்.

அடுத்த டுரியான் காலத்தில் ஒரு கடிதம் வந்தது. வந்த ஒரு வாரத்தில் கப்பலும் வந்தது. துறையில் முதலில் இறங்கியது ஒரு புதுக் குடை. அதன் கீழே மாமா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, துப்பட்டிக்குள் கண்கள் மட்டும் தெரிய, ஐம்பது வயதில் முதல்முறையாக நாகூரை விட்டு வந்த ஆமினா பீவி மாமி.

திரை போட்ட வண்டி வேண்டாம் என்றார் மாமா. டிராமில்தான் போகவேண்டும். மாமியை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, "நிக்கிறதுக்கு முந்தி இறங்கிடாதே" என்று மூன்று தரம் எச்சரித்தார். நூர்தீன் வெளியே பார்த்துச் சிரித்தான்.

வண்டி கடற்கரையைத் தாண்டியது. கப்பல்கள், பெரிய கட்டடங்கள், ரிக்‌ஷாக்கள், பூ விற்கிற பெண்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பெண்டாட்டியோடு நடந்து போகிற ஒரு தமிழ் ஆள். மாமி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள். சிராங்கூன் ரோட்டுக்குள் திரும்பியதும் மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"இருபத்திரண்டு வருஷமும், அங்கே ஒண்ணுமே இல்லை, வெறும் கிடங்குதான்னு சொன்னீங்களே, பாவி மனுஷா!"

மாமா அவள் கையை விடவில்லை.

"நான் பாக்கலை ஆமினா" என்றார்.