வால்வு அறைக்கு இரண்டு பூட்டு

குழாய் குடிநீர் வாரியத்துடையது, வால்வு நகராட்சியுடையது. இந்தக் கண்றாவிப் பாகப்பிரிவினையை எந்தப் புண்ணியவான் செய்தானோ, இருபத்தாறு வருடமாக அதன் நடுவில் நின்று வசவு வாங்கியவர் வால்வுக்காரர். தண்ணீர் வராவிட்டால் சனம் எந்த அலுவலகத்தையும் தேடிப் போகாது, அவர் சைக்கிளைத்தான் மறிக்கும். “ரெண்டு ஆபீஸுக்கும் சேத்து அடி வாங்க உங்க முதுகு ஒண்ணுதானா?” என்பாள் மனைவி.

வால்வு அறைக்கு இவருடைய பூட்டு ஒன்று எப்போதும் உண்டு. வாரியத்து ஆள் குழாய்க்குள் இறங்கினால், வாரியப் பூட்டும் கூடத் தொங்கும். அவன் ஏறி வந்து கழற்றும்வரை இவர் வால்வைத் தொடக் கூடாது.

அன்று இரண்டும் தொங்கின. மேட்டுத் தெருவில் ஒன்பதாம் நாளாகத் தண்ணீர் இல்லை. உடைந்த குழாயை ஒட்டுவதற்கு, இரண்டு தெரு தள்ளி வாரியத்து வெல்டர் குழாய்க்குள் இறங்கியிருந்தான். காலை பத்து மணிக்குக் கூட்டம் திரண்டு வந்தது. முன்னால் கடப்பாரையோடு வந்தவன் அவருடைய தங்கை புருஷன்.

“தொறங்க மச்சான்.”

“உள்ள ஆள் இருக்கான் மாப்ளே. தொறந்தா செத்துருவான்.”

“ஒன்பது நாளா இதே கதைதானே விடுறீங்க!”

முதல் அடி யார் கொடுத்தது என்று தெரியவில்லை. கடப்பாரை இரண்டு பூட்டையும் பெயர்த்தது. அவர் உள்ளே குதித்து வால்வுச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதுகில் உதை, விலாவில் உதை. பிடியை விடுவேனா என்றார் மனுஷன். மாப்பிள்ளை அவர் வலது மணிக்கட்டில் கடப்பாரையை ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அவரை இழுத்துப் போட்டுவிட்டுச் சக்கரத்தைத் திருகினார்கள்.

குழாய் உறுமியது. அடுத்த நிமிடம் குழாய் வழியே இரும்பில் சுத்தியல் சத்தம், டங் டங் டங் என்று வெறிபிடித்த தட்டல்.

“ஐயோ, நிஜமாவே ஆள் இருக்கான்டா!”

எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அவர் அவர்களைத் தலையால் முட்டித் தள்ளி, இடது கையாலும் நெஞ்சாலும் சக்கரத்தை நெட்டி நெட்டி மூடினார். அதற்குள் தட்டல் நின்றுவிட்டது. வால்வுக்காரர் உடைந்த கையை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார்.

வெல்டர் நடந்தே வந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான், முன்பல் இரண்டும் இல்லை, வாயெல்லாம் ரத்தம். பிழைத்துவிட்டானே என்று இவர் தடுமாறி எழுந்து நின்றார்.

“எம் பூட்டு தொங்கினது கண்ணுக்குத் தெரியலையாடா, நகராட்சி நாயே!”

பளாரென்று கன்னத்தில் விட்டான். திறந்தது நாங்கள்தான் என்று சொல்ல மேட்டுத் தெருவில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. மாப்பிள்ளை கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினான்.